செம்பருத்தித் தைலமும் ஒரு டெக்னிக்கல் டவுட்டும்

லக்ஷ்மிநாராயணனுக்குத் தலையில் முடி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் ஒரு நரைக்கோடு, பிடரியில் ஒரு ஓரம், மற்றதெல்லாம் மைதானம். நியூ டவுனில் அவர் குடியிருந்த அடுக்குமாடி வளாகத்தில் ‘ரசாயனமற்ற வாழ்வியல் வட்டம்’ என்று ஒன்று இருந்தது. அதன் நிறுவனர், தலைவர், ஒரே பேச்சாளர் மூவரும் அவரே. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்யூனிட்டி ஹாலில் நின்றுகொண்டு, ஷாம்பூவில் என்னென்ன விஷம் கலக்கிறார்கள், கரிசலாங்கண்ணியை எப்படி இடிக்க வேண்டும், கூந்தலின் வேர்க்கால்கள் எவ்வாறு மூச்சு விடுகின்றன என்றெல்லாம் பேசுவார். கூட்டத்தில் யாரும் அவர் தலையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை. பொதுத்துறை நிறுவனத்தில் துணைப் பொது மேலாளர். அப்படிப்பட்டவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது ஊர் ஊராக மாற்றலாகி வந்த குடும்பங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிரேம்குமார் என்ற ஐ.டி. இளைஞன் மட்டும் ஒருமுறை தயங்கித் தயங்கி எழுந்தான். மதுரைக்காரன். கொல்கத்தாத் தண்ணீர் பட்டதிலிருந்து அவன் நெற்றி தினமும் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“சார், இந்த எண்ணெய் நீங்களும் தேய்ச்சுக்கறீங்களா?”

“நான் ஆராய்ச்சி பண்றவன். டாக்டர் எழுதற மருந்தையெல்லாம் டாக்டரா சாப்பிட்டுப் பாக்கறாரு?”

பிரேம்குமார் உட்கார்ந்துவிட்டான்.

இந்த வட்டம் ஏன் பிறந்தது என்பது வட்டத்துக்கே தெரியாது.

லக்ஷ்மிநாராயணனின் மனைவி நீலாவதி வங்கி அதிகாரி. கொல்கத்தாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் பதவி உயர்வு வந்தது. கூடவே மயிலாடுதுறைக்கு மாற்றல். உத்தரவு வந்த அன்று சாப்பாட்டு மேஜையில், “போகட்டுமா, வேண்டாம்னு எழுதிக் குடுத்துடட்டுமா?” என்று கேட்டாள். அவர் தயிர் சாதத்திலிருந்து நிமிர்ந்து, “கெரியர் முக்கியம் நீலா. தாராளமா போ. இங்க நான் மேனேஜ் பண்ணிக்குவேன்” என்றார். அவள் மேலும் ஏதோ வரும் என்று கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஊறுகாயை எடுத்தார். கிளம்புகிற அன்று விமான நிலைய வாசலில், பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொடுத்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, “ஆல் தி பெஸ்ட்” என்றார். முப்பது வருஷமாகப் பிரிவுபசார விழாக்களில் பேசிப் பேசி, பிரிவு என்றால் அவர் வாயில் அது ஒன்றுதான் இருந்தது. பொன்னாடை மட்டும்தான் போர்த்தவில்லை.

முதல் வாரம் அவர் நன்றாகவே மேனேஜ் பண்ணினார். காரணம், தலையணை. நீலாவதியின் தலையணையில் அவள் தலை எண்ணெய் வாசனை தங்கியிருந்தது. லேசான இனிப்பு, அதற்கடியில் ஒரு கசப்பு, மழை விட்டதும் பாசிச் சுவரோரம் வருமே அப்படி ஒரு பச்சை. கல்யாணமான நாளிலிருந்து பக்கத்திலேயே கிடந்த வாசனை. அதுவரை அவர் அதை வாசனை என்றே எண்ணியதில்லை. வீட்டுக் காற்று என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார். பிறகு ஒரு நாள் அவர் ஆபீசிலிருந்து வந்தபோது, வீட்டு வேலைக்கு வரும் மாலா-தி தலையணை உறைகளையெல்லாம் துவைத்து பால்கனியில் காயப்போட்டிருந்தாள். எலுமிச்சை வாசம் தூக்கியது. புதுத் தூளாம், அவளே பெருமையாக ஒன்றை எடுத்து அவர் மூக்கருகே நீட்டினாள். “ஷுந்தர், ஷுந்தர்” என்று பாராட்டிவிட்டு, படுக்கையறைக்குள் போய், விளக்குப் போடாமல் உட்கார்ந்துகொண்டார்.

குளியலறை அலமாரியில் அவளுடைய எண்ணெய் பாட்டில் இருந்தது. பழைய காப்பித்தூள் பாட்டில். அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததை அவர் திறந்து திறந்து முகர்ந்ததில் அதுவும் தீர்ந்துபோயிற்று. காப்பித்தூள் பாட்டிலில் இருந்ததால் அது வீட்டில் காய்ச்சிய எண்ணெய் என்பதில் அவருக்குச் சந்தேகமே எழவில்லை. அவள் எப்போது காய்ச்சினாள் என்று அவர் பார்த்ததில்லை, உண்மைதான். அந்த வீட்டில் சாம்பார் எப்போது கொதித்தது என்றும் அவர் பார்த்ததில்லை. சாம்பார் இருந்ததா, இல்லையா?

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில், உடம்பு எப்படி, மழை உண்டா, பையன் கனடாவிலிருந்து பேசினானா எல்லாம் முடிந்த பிறகு, நீலாவதி வழக்கம்போல், “வேற என்ன?” என்றாள்.

தலையணை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வந்தது வேறு.

“ஒரு டெக்னிக்கல் டவுட்டு.”

“என்ன?”

“உன் தலை எண்ணெய் இருக்கே, அதோட ஃபார்முலேஷன் என்ன?”



“எதுக்கு?”

“சும்மா. ஜெனரல் நாலெட்ஜ்.”

“வெந்தயம் போடணும்… அடுத்த வாரம் விவரமா சொல்றேங்க. அடுப்புல பால் வெச்சிருக்கேன்.”

அடுத்த வாரம் வெந்தயத்தை ஊறவைக்கும் விவரம் வந்தது. அதற்கடுத்த வாரம் கறிவேப்பிலை. பிறகு கரிசலாங்கண்ணி, சின்ன வெங்காயம், நெல்லி வற்றல். ஒவ்வொரு வாரமும் காய்ச்சினார். வடிகட்டி, ஆறவைத்து, அதே காப்பித்தூள் பாட்டிலில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். ஒரு வாரம் ரசம் வந்தது. ஒரு வாரம் ஊறுகாய் வந்தது. சின்ன வெங்காயம் போட்ட வாரம், எதிர் ஃப்ளாட் சுப்ரா பௌதி கதவைத் தட்டி, “லொக்கி-தா, இன்னிக்கு என்ன மீன்?” என்று விசாரித்தாள். லக்ஷ்மிநாராயணன் என்ற நீளத்தை அந்த மாடி வங்காளிகள், ‘தாதா’ என்ற அண்ணனையும் சேர்த்து, லொக்கி-தா என்று மடித்து வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் அண்ணியான சுப்ரா பௌதி, நீலாவதிக்கு நெருங்கிய சிநேகிதி வேறு. அவளிடம் போய், என் மனைவியின் தலை வாசனையைத் தேடுகிறேன் என்று சொல்ல முடியுமா?

“ரிசர்ச்” என்றார். “கெமிக்கல் இல்லாத கூந்தல் பராமரிப்பு.”

அந்த ஒரு சொல்தான் வினை. துணைப் பொது மேலாளர் வீட்டில் ரிசர்ச் நடக்கிறது என்ற செய்தி லிஃப்டில் ஏறி இறங்கியது. தமிழ்க் குடும்பங்கள் தேடி வந்தன. கிடர்பூரிலிருந்து துறைமுக அதிகாரியின் மனைவி மங்கையர்க்கரசி காரில் வந்து, “நீங்க இதைப் பத்தி ஒரு டாக் குடுக்கணும் சார்” என்றாள். மைக் என்று ஒன்றைக் காட்டினால் லக்ஷ்மிநாராயணனால் மறுக்க முடியாது. வட்டம் உருவாகிவிட்டது.

வாசனை மட்டும் வரவில்லை.

“வரலைன்னா ஏதோ விட்டுப்போச்சு,” என்பாள் நீலாவதி. “யோசிச்சு அடுத்த வாரம் சொல்றேன்.”

அந்த ‘அடுத்த வாரம்’ அவருக்குப் பிடித்திருந்தது. அடுத்த சந்தேகத்தை வியாழக்கிழமையே தயார் செய்ய ஆரம்பித்துவிடுவார்.

மார்கழி வந்தது, கொல்கத்தாக் காற்று காய்ந்தது.

“நீலா, உதடெல்லாம் வெடிக்குது. டியூப்ல விக்கறதெல்லாம் பெட்ரோலியம். நேச்சுரலா என்ன பண்ணலாம்?”

“ராத்திரி படுக்கும்போது வெண்ணெய் தடவிக்கோங்க.”

“உதட்டுலயா?”

“பின்ன, முழங்கால்லயா?”

சொல்லிவிட்டுச் சிரிக்க வந்தவள் நிறுத்திக்கொண்டாள். உதடு என்ற சொல்லை அவர்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லிப் பல வருஷமாகியிருந்தது. அன்றைக்கு அவள் “வேற என்ன?” என்று கேட்கவில்லை. மயிலாடுதுறையில் ஓடிய ஃபேன் சத்தத்தை அவர் கொல்கத்தாவில் போர்வைக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இணைப்பு அறுந்தது. வெட்டியது டவரா, இரண்டு பேரில் ஒருவரா, தெரியவில்லை.

ஆனால் வட்டத்தின் தலைவர் உதட்டோடு நின்றுவிட முடியுமா? சுப்ரா பௌதியின் கணவர் கோஷ் அவருக்கு ஒரு உள்ளூர் ரகசியம் சொன்னார். “உதட்டுக்கு வைத்தியம் தொப்புள்ல, லொக்கி-தா. படுக்கும்போது ஒரு துளி கடுகெண்ணெய். எங்கப்பா சாகறவரைக்கும் அவருக்கு உதடு வெடிக்கல.” அடுத்த கூட்டத்தில் இது ‘நாபி வழி உதட்டுப் பராமரிப்பு’ என்ற தலைப்பில் வெளியானது. மங்கையர்க்கரசி கையைத் தூக்கி, “செக்கு எண்ணெய்தானே சார் போடணும்?” என்று கேட்டாள். “அஃப்கோர்ஸ்” என்றார். பீட்ரூட் சாறும் நெய்யும் குழைத்த உதட்டுச் சாயம் ஆளுக்கொரு டப்பி விநியோகிக்கப்பட்டது. அன்று ஹாலை விட்டு வெளியேறியவர்களைப் பார்த்த காவலாளி, உள்ளே ஏதோ கல்யாணம், தாம்பூலம் பலம் என்று நினைத்துக்கொண்டான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, விசாரிப்புகளெல்லாம் முடிவதற்கு முன்பே நீலாவதி சொன்னாள்: “ரெண்டு வருஷம் முடியுதுங்க. ரிக்வெஸ்ட் டிரான்ஸ்ஃபர் கேக்கலாமாம். அக்டோபர் கடைசிக்குள்ள போட்டுடணும். இப்ப விட்டா இன்னும் மூணு வருஷத்துக்குக் கேக்க முடியாது. போடட்டுமா?”

இரண்டு வருஷமாக அவர் காத்திருந்த கேள்வி. போடு, இன்றைக்கே போடு, இப்போதே போடு என்று உள்ளே யாரோ கத்தினார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார். செருமியதும் துணைப் பொது மேலாளர் வந்துவிட்டார்.

“உன் சௌகரியம் நீலா. கெரியர் முக்கியம்.”

“சரி,” என்றாள். “வேற என்ன?”

“செம்பருத்தி… செம்பருத்தி போடலாமா?”

“போடுங்க.”

யோசித்து அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அவள் சொல்லவில்லை.

அவர் மனம் அந்தக் குரலின் அலுப்பைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டு செம்பருத்தியைப் பிடித்துக்கொண்டது. விட்டுப்போனது அதுதான். செம்பருத்தி சேர்ந்தால் வாசனை வந்துவிடும். வாசனை வந்துவிட்டால், ‘வந்துடுச்சு நீலா’ என்று போன் பண்ணலாம். அப்படிப் பண்ணினால் அதன் பின்னாலேயே மற்றதும் வாயில் வந்துவிடும். தீபாவளிக்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. ‘தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குச் செம்பருத்தித் தைலம்: நேரடிச் செயல்விளக்கம்’ என்று பேனர் கட்டினார்கள். காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை போனைக்கூட அன்று அவர் செய்யவில்லை.

ஒரு கூடை செம்பருத்தி வாங்கி வைக்கும்படி காவலாளியிடம் சொல்லியிருந்தார். ஹால் மூலையில் ஈரத்துணி மூடிய ஒரு கூடை இருந்தது. திறந்தார். அத்தனையும் சிவப்பு மொட்டுகள், தடித்த நூலில் நெருக்கமாகக் கோர்த்து, பாம்புபோலச் சுருட்டி வைத்திருந்தது.

“கோர்த்து அனுப்பியிருக்கான் பாருங்க,” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “சொன்னதை மட்டும் செய்யற பழக்கமே இந்த ஊர்ல கிடையாது.”

கூட்டம் மரியாதையாகச் சிரித்தது. கத்தரிக்கோல் வந்தது. நூலை நறுக்கி, மொட்டுகளைக் கைநிறைய அள்ளி, காய்ந்த எண்ணெயில் போட்டார். சொய்யென்று பொங்கியது. “கவனிங்க, இதுல இருக்கற வழவழப்புதான் கூந்தலோட…” என்று ஆரம்பித்தபோது கதவைத் திறந்துகொண்டு சுப்ரா பௌதி வந்தாள். பின்னால் காளி பூஜைக் கமிட்டி வந்தது. அதற்கும் பின்னால் ஒரு பாலிதீன் பையில் அவருடைய செம்பருத்தியைத் தூக்கிக்கொண்டு காவலாளி வந்தான்.

சுப்ரா பௌதி காலிக் கூடையைப் பார்த்தாள். கடாயைப் பார்த்தாள்.

“லொக்கி-தா, அது மா காளிக்கு நாளைக்குச் சாத்த வேண்டிய ஜொபா மாலை.”

மறுநாள் தமிழர்களுக்கு எண்ணெய்க் குளியல். அதே நாள் இரவு வங்காளிகளுக்குக் காளி பூஜை. இரண்டுக்கும் ஒரே பூ, தமிழில் செம்பருத்தி, வங்காளத்தில் ஜொபா. இத்தனை வருஷம் அந்த ஊரில் இருந்தும் இது அவர் மண்டையில் ஏறவில்லை.

“அவ கழுத்துல போடறதை நீ கடாய்ல போட்டுட்டியா?” என்றாள் சுப்ரா பௌதி.

“சார், அடுப்பை அணைச்சுடட்டுமா?” என்றான் பிரேம்குமார்.

கோஷ் எட்டிப் பார்த்தார். “நல்லா மொறுமொறுன்னு வந்திருக்கு,” என்றார்.

“நான் அப்பவே நினைச்சேன், மாலை மாதிரி இருக்கேன்னு,” என்றபடி மங்கையர்க்கரசி கைப்பையைத் தேடினாள். ஐந்து நிமிஷத்தில் வட்டம் கலைந்தது. பேனர் மட்டும் நின்றது. சாயங்காலத்துக்குள் இதே அளவில் வேறு மாலை வந்தாக வேண்டும் என்று கமிட்டி சொன்னது. அவர் கால் டாக்ஸிக்கு நிற்கையில், பின்னால் சுப்ரா பௌதி யாருக்கோ போன் செய்து, மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

லேக் மார்க்கெட்டில் மாலை கிடைத்தது. பூக்காரர் அதை ஈரத்தோடு அவர் தோளிலேயே தொங்கவிட்டார். சட்டை நனைந்தது. அப்போது போன் அடித்தது. நீலாவதி. இந்த இரண்டு வருஷத்தில் அவளாக அழைத்தது இதுதான் முதல் தடவை.

“சுப்ரா போன் பண்ணினா,” என்றாள். குரல் நடுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தார். “காளி மாலையை வதக்கிட்டீங்களாமே?”

“வதக்கல. அது இன்ஃப்யூஷன்.”

மறுமுனையில் அவள் வெடித்துவிட்டாள். நிறுத்துவாள், “இன்ஃப்யூஷனா” என்பாள், மறுபடி ஆரம்பிப்பாள். அவர் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் இப்படிச் சிரிப்பாள் என்பதையே மறந்திருந்தார்.

“எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டிருந்தாளாம், இன்னிக்குத்தான் என்னென்னவோ சொன்னா. வட்டமாம், மைக்காம். வருஷம் பூரா எண்ணெய் காய்ச்சறீங்களாம், வராந்தாவே நாறுதாம். நிஜமாவே காய்ச்சினீங்களா? நீங்க ‘வரல, வரல’ன்னதெல்லாம் பேச்சுக்குன்னுல்ல நான் நெனச்சேன்!”

“நீலா, நீ அந்த எண்ணெய்ல ஏதோ ஒண்ணு சொல்லாம விட்டிருக்கே. என்ன போட்டாலும் வரமாட்டேங்குது.”

“நான் எங்கங்க எண்ணெய் காய்ச்சினேன்?” என்றாள். “விடிஞ்சும் விடியாம ஓடி, இருட்டினப்புறம் வீட்டுக்கு வந்தவ எண்ணெயா காய்ச்சிட்டிருப்பேன்? அது கடை எண்ணெய், கல்யாணத்துக்கு முன்னாலேருந்து அதேதான். இப்ப மாலை வாங்கப் போயிருக்கீங்களாமே, அந்த லேக் மார்க்கெட்லதான் வாங்குவேன். மூடி உடைஞ்சுபோச்சுன்னு காப்பி பாட்டில்ல ஊத்தி வெச்சேன்.”

ஒரு பஸ் உறுமிக்கொண்டு போனது.

“அப்ப வெந்தயம்?”

“எங்க கேஷியர் ராஜம் சொன்னது. சனிக்கிழமையானா அவகிட்ட ஒண்ணு கேட்டு வெச்சுக்குவேன்.”

“கரிசலாங்கண்ணி?”

“ராஜத்தோட நாத்தனார்.”

“தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே நீலா.”

“சொல்லியிருந்தா அடுத்த வாரம் என்ன கேட்டிருப்பீங்க?”

பூக்காரர் நகரச் சொன்னார், நகர்ந்தார்.

“அது கிடக்கட்டும்,” என்றாள். “எனக்கு ஒண்ணு புரியல. உங்களுக்கு எதுக்குங்க தலை எண்ணெய்? தலையில என்ன இருக்கு?”

இதுவரை வட்டத்தில் யாரும் இப்படி நேராகக் கேட்காத கேள்வி. பதில்கள் வரிசையாக வந்து நின்றன: ஆராய்ச்சி, பாரம்பரிய அறிவு, சமூகப் பொறுப்பு. தொண்டையைச் செருமப் பார்த்தார். காளியின் மாலை கழுத்தில் கனத்தது, செருமல் வரவில்லை.

“ஹலோ?” அவள் சிரிப்பு அடங்கியிருந்தது. “சரி, வெயில்ல நிக்காதீங்க. வேற என்ன?”

“மாலா-தி உன் தலகாணி உறையைத் துவைச்சுட்டா,” என்றார்.

“எப்ப?”

“நீ போனியே, அதுக்கு அடுத்த வாரம்.”

பின்னால் அதே ஃபேன் சத்தம்.

“அதுக்கா இவ்வளவும்?”

“ம்.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே, வேகவேகமாக, யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிற மாதிரி சொன்னார்: “ரிக்வெஸ்ட் போட்டுடு நீலா. கெரியர் முக்கியந்தான். இருந்தாலும் போடு. இங்க என்னால மேனேஜ் பண்ண முடியல.”

“இதைச் சாப்பாட்டு மேஜையிலேயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம்.”

“இன்னிக்கே ஆன்லைன்ல போட்டுடறேன். ஆனா கொல்கத்தா கேட்டா கொல்கத்தாவே குடுப்பான்னு இல்ல. சிலிகுரியில தூக்கிப் போட்டாலும் போடுவான்.”

“சிலிகுரின்னா ராத்திரி ஏறினா காலையில வந்துடலாம்,” என்றார் உடனே. ரயில் நேரம் பார்த்து வைத்திருந்தவர்போல.

“ம். அந்தக் கடை பக்கத்துலதான் இருக்கும் பாருங்க, நம்ம அப்பளம் வாங்குவோமே. உள்ளே கடைசித் தட்டுல, பச்சை மூடி. சின்ன பாட்டிலா வாங்குங்க.”

“ஏன் சின்னது?”

“வழுக்கைக்குப் பெரிசு எதுக்கு?” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சின்னதே வாங்கினார். காளியின் மாலை மடியில் குளிர்ந்துகொண்டிருக்க, கால் டாக்ஸி நியூ டவுனை நோக்கி ஓடியது. பச்சை மூடியைத் திருகி, மூக்கருகே கொண்டுபோனார்.

அதுதான். இனிப்பு, கசப்பு, அந்தப் பச்சை. சந்தேகமே இல்லை. அந்த மூன்றும் அப்படியே இருந்தன. இருந்தும் முழுசாக இல்லை. மிச்சம் பாட்டிலில் வருகிற சரக்கு இல்லை போலிருக்கிறது. அது மயிலாடுதுறையில், ஒரு ஃபேனுக்குக் கீழே, ஈரக் கூந்தலில் உலர்ந்துகொண்டிருந்தது. மறுபடி முகர்ந்தார். கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இன்னொரு சொட்டை விரலில் தொட்டு, தயங்கி, உச்சந்தலையில் வைத்துக்கொண்டார்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலையும் பார்த்தார், மைதானத்தையும் பார்த்தார்.

“இது வேலை செய்யுதா, தாதா?” என்றார், நிஜமான அக்கறையோடு.

இதே கேள்விக்கு மைக் பிடித்து ஒன்றரை மணி நேரம் பதில் சொல்லக்கூடியவர் லக்ஷ்மிநாராயணன்.

“தெரியல,” என்றார். “எழுதிப் போட்டிருக்கோம். பாக்கணும்.”